மனத்தை நெகிழ்த்தும் மருந்துகளும் ஞாபகசக்தியும்

எல்.எஸ்.டி., சைலோசைபின் முதலிய மருந்துகள் மனித மூளையை என்ன செய்கின்றன என்ற கேள்விக்கு மூன்று விதமான விடைகள் வெகுகாலமாக உலவி வருகின்றன. அவை மூளையைச் சிதைத்து ஞாபகசக்தியை அழித்துவிடும் என்பது ஒன்று. மூளையைத் தளிர்க்கச் செய்து புத்தியைக் கூர்மையாக்கும் என்பது மற்றொன்று. மனத்தின் அடியாழத்தில் புதைந்து கிடக்கும் பால்ய நினைவுகளை மீட்டுத் தரும் என்பது மூன்றாவது. முதலாவதை அரசாங்கங்களும் பத்திரிகைகளும் ஒரு தலைமுறைக் காலம் பரப்பின. இரண்டாவதை இன்றைய வியாபாரிகள் பரப்புகின்றனர். மூன்றாவதை நம்பிச் சிகிச்சைக்குப் போன நோயாளிகளோ பலர். இம்மூன்றையும் இதுவரை சேர்ந்துள்ள ஆராய்ச்சிச் சான்றுகளின் முன் நிறுத்திப் பார்த்தால் எதுவும் முழுமையாகத் தேறுவதில்லை. இம்மருந்துகள் செய்வதாக நாம் திடமாகச் சொல்லக்கூடியது ஒன்றே: பழகிப்போன நினைவும் நம்பிக்கையும் மனத்தின்மேல் கொண்டிருக்கும் பிடியை அவை சில மணி நேரம் தளர்த்துகின்றன. அங்ஙனம் தளர்ந்த மனம் எந்தச் சூழ்நிலையில், யாருடைய பராமரிப்பில் இருக்கிறதோ அதைப் பொறுத்தே பின்விளைவின் நன்மையும் தீமையும் பெரிதும் அமைகின்றன என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்வது அவசியம். போதைப் பொருள்கள் என்ற ஒரே மூட்டையில் அபின், கஞ்சா, கொகேயின் ஆகியவற்றோடு இவற்றையும் கட்டிவிடும் பழக்கம் பொதுப் பேச்சில் உண்டெனினும், சைக்கடெலிக் என்று விஞ்ஞானிகள் வழங்கும் இந்த வகை தனிப்பட்டது. சுவிட்சர்லாந்தில் ரசாயனசாலையில் பிறந்த எல்.எஸ்.டி., மெக்சிகோவின் காளான்களில் உள்ள சைலோசைபின், பெயோட்டே என்னும் சிறு கள்ளியில் உள்ள மெஸ்கலின், அமேசான் காடுகளில் கொடியையும் இலையையும் சேர்த்துக் காய்ச்சும் அயாவாஸ்கா என்ற கஷாயத்தின் சத்தான டி.எம்.டி. ஆகிய நான்குமே இவ்வகையின் பிரதான உறுப்பினர்கள். எக்ஸ்டஸி என்ற பெயரில் விற்கும் எம்.டி.எம்.ஏ.யும், மயக்க மருந்தான கெட்டமினும் மூளையில் வேறு வழியாக வேலை செய்வன; அவற்றின் குணதோஷங்களை இவற்றின்மேல் ஏற்றிச் சொல்வதும், இவற்றினுடையதை அவற்றின்மேல் ஏற்றிச் சொல்வதும் பெருங்குழப்பத்துக்கு இடமாகும்.

காளானும் கள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பூர்வகுடிகளின் வழிபாட்டில் மிகப் பழங்காலந்தொட்டு இடம்பெற்றவை. நவீன விஞ்ஞானத்தின் கதையோ பாஸல் நகரில், சாண்டோஸ் என்ற மருந்துக் கம்பெனியில் தொடங்குகிறது. ரை முதலிய தானியங்களில் படரும் எர்காட் என்னும் பூஞ்சையின் சத்துக்களிலிருந்து புதிய மருந்துகளை உண்டாக்க முயன்றுகொண்டிருந்த ஆல்பர்ட் ஹாஃப்மன் 1938இல் எல்.எஸ்.டி.யைத் தயாரித்தார், அப்போது அதில் விசேஷம் எதுவும் தென்படாமையால் அது ஒதுக்கப்பட்டது. 1943 ஏப்ரலில் அதை மறுபடியும் தயாரித்தபோது தற்செயலாகச் சிறிது உடலில் சேர்ந்து விசித்திரக் காட்சிகளை உண்டாக்கவே, மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 19ஆம் தேதி, 250 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு, தாமே உட்கொண்டு பரிசோதித்தார். அற்ப அளவென்று அவர் எண்ணியது மிகப் பெரிய அளவாக இருந்தது. இத்தனை நுண்ணிய அளவில் ஒரு பொருள் மனிதனின் பிரக்ஞையையே புரட்டிவிடக்கூடுமானால், மனம் என்பதன் இயக்கத்துக்கு ரசாயன ஆதாரம் இருக்கவேண்டும் என்ற எண்ணம் விஞ்ஞானிகளிடையே வலுப்பட்டது. 1953இல் பெட்டி ட்வாரக் என்ற அம்மையார் செரோட்டோனின் என்னும் பொருள் மூளையிலும் உண்டென்று காட்டினார், அதற்கும் எல்.எஸ்.டி.க்கும் உள்ள உருவ ஒற்றுமையைக் கண்டு, மனநோய்க்கும் செரோட்டோனினுக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1954இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தைச் சேர்ந்த ஊலியும் ஷாவும் எடுத்துரைத்தனர். இன்று மனத்தளர்ச்சிக்குக் கொடுக்கும் மாத்திரைகளுக்கு வழிகோலிய சிந்தனையில் இந்த மருந்துக்கும் ஒரு பங்குண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இந்த மருந்துகள் மூளையில் செரோட்டோனினுக்கென்று அமைந்த ஏற்பிகள் பலவற்றுள் 2ஏ என்று குறிக்கப்படும் ஒன்றில் சென்று பொருந்துகின்றன. அந்த ஏற்பியை முன்கூட்டியே அடைத்துவிடும் கெட்டான்செரின் என்ற மருந்தைக் கொடுத்த பிறகு சைலோசைபின் கொடுத்தால் மாயக்காட்சிகள் தோன்றுவதில்லை என்பதை ஜூரிச் நகரின் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடரும் அவர் குழுவினரும் 1998இல் நிரூபித்தனர். இந்த ஏற்பிகள் மூளையின் மேற்பட்டையில், அதிலும் பல திசைச் செய்திகளை இணைத்துப் பொருள் காணும் பகுதிகளில், அடர்ந்து காணப்படுகின்றன. நாம் வேலை ஏதுமின்றி நம்மைப் பற்றியே, நம்முடைய கடந்த காலத்தையும் எதிர்காலத்தையும் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒருங்கிசைந்து இயங்கும் ஒரு வலையமைப்பு மூளையில் உண்டு. மருந்தின் ஆதிக்கத்தில் அந்த ஒருங்கிசைவு குலைகிறது. செயிண்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் 2024இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏழு பேருடைய மூளைகளை மருந்துக்கு முன்னும் மருந்தின்போதும் பின்னும் திரும்பத் திரும்பப் படமெடுத்துப் பார்த்தனர். மூளையின் பொது இயக்கம் விரைவில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. ஆனால் நினைவுகளைப் பதிக்கும் உறுப்பாகிய ஹிப்போகாம்பஸின் முன்பகுதிக்கும் மேற்சொன்ன வலையமைப்புக்கும் இடையேயுள்ள தொடர்பு மட்டும் வாரக்கணக்கில் தளர்ந்தே இருந்தது. நினைவுக்கும் 'நான்' என்ற எண்ணத்துக்கும் இடையிலுள்ள கண்ணியே அதிக காலம் நெகிழ்ந்திருந்தது என்பது நம் விஷயத்துக்கு மிகவும் நெருக்கமானதொரு கண்டுபிடிப்பாகும்.

இனி, மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்தில் ஞாபகசக்தி என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் இருபது பேருக்கு வெவ்வேறு அளவில் சைலோசைபின் கொடுத்து நடத்தி 2018இல் வெளியிட்ட பரிசோதனையில், அளவு கூடக்கூட மறுமொழிகள் மந்தமாயின; ஒரு செய்தியை மனத்தில் தாங்கிக்கொண்டு அதைக் கொண்டு காரியம் செய்யும் ஆற்றலும், புதிதாகக் கண்டவற்றைப் பிறகு நினைவுகூரும் ஆற்றலும் குறைந்தன. ஆயினும் இடம், காலம் முதலியவற்றைப் பற்றிய பொதுவான தெளிவு மறைந்துவிடவில்லை. குடியினாலோ மயக்க மருந்தினாலோ வரும் மறதியைப் போல அந்த நேரம் முழுவதும் இருண்டுபோவதில்லை. மருந்துண்டவர் பலர் தமது அனுபவத்தைப் பல வருஷங்களுக்குப் பின்னும் விரிவாக எடுத்துரைக்கின்றனர். இந்த முரண்பாட்டை ஆராய்ந்த மனோஜ் டாஸ் முதலிய விஞ்ஞானிகள், நினைவு என்பதில் இரண்டு கூறுகள் இருப்பதைச் சுட்டுகின்றனர். ஒரு முகத்தை எங்கே, எப்போது, எந்தச் சந்தர்ப்பத்தில் கண்டோம் என்று விவரத்தோடு நினைவுகூர்வது ஒரு கூறு. இடமும் காலமும் தெரியாமல் 'இது நமக்குத் தெரிந்த முகம்' என்ற பரிச்சய உணர்வு மட்டும் எழுவது மற்றொன்று. ஹிப்போகாம்பஸைச் சார்ந்த முதற்கூறு இம்மருந்துகளால் பலவீனமடைய, மூளையின் மேற்பட்டையைச் சார்ந்த இரண்டாவது கூறு பழுதில்லாமல் நிற்கிறது, சில சமயம் ஓங்கவும் செய்கிறது என்பது அவர்களுடைய கருத்து.

இந்த வேறுபாட்டை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளிவிட முடியாது. விவரம் குன்றிப் பரிச்சய உணர்வு மட்டும் ஓங்கும்போது, புதிதாகத் தோன்றிய எண்ணமொன்று 'இது எனக்கு எப்போதும் தெரிந்திருந்த உண்மை' என்ற வேஷத்தில் வந்து நிற்கும். ஜூரிச் ஆராய்ச்சியாளர்கள் 2017இல் வெளியிட்டதொரு பரிசோதனையில், ஒருவருக்குச் சாதாரணமாக எந்தப் பொருளும் தராத இசைத் துணுக்குகள் எல்.எஸ்.டி.யின் ஆதிக்கத்தில் தமக்கென்றே ஆழ்ந்த அர்த்தமுடையனவாகத் தோன்றின. 2ஏ ஏற்பியை முன்பே அடைத்தபோது அந்த அர்த்தமும் மறைந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2015இல் வெளியிட்ட சிறிய ஆராய்ச்சியோ, பிறர் சொல்லும் கருத்தை ஏற்று அதன்படியே கற்பனை செய்யும் இயல்பு எல்.எஸ்.டி.யினால் மிகுவதைக் காட்டிற்று. ஒரு நினைவு உண்மையானதா என்பதற்கு அது எழும்போது தோன்றும் நிச்சய உணர்வையே நாம் பெரும்பாலும் சாட்சியாகக் கொள்கிறோம். அந்தச் சாட்சியின் குரலைத்தான் இம்மருந்து காரணமின்றி உயர்த்திவிடுகிறது.

புதைந்த நினைவுகளை மருந்து மீட்டுத் தரும் என்ற மூன்றாவது அபிப்பிராயத்தின் வரலாற்றை இந்த வெளிச்சத்தில்தான் படிக்கவேண்டும். இங்கிலாந்தின் பாவிக் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ரொனால்ட் சாண்டிஸன் 1952இல் சாண்டோஸ் கம்பெனிக்குச் சென்று, திரும்புகையில் எல்.எஸ்.டி.யைக் கொண்டுவந்து சிகிச்சையைத் தொடங்கினார். பால்யப் பருவத்தில் நேர்ந்து, மனத்தால் அடக்கப்பட்ட துயர நினைவுகளை மருந்து வெளிக்கொணரும், அவற்றை மறுபடியும் அனுபவித்துத் தீர்ப்பதால் நோய் நீங்கும் என்பது அக்கால மனோதத்துவ மரபில் வந்த அவரது கொள்கை. அவர் நல்லெண்ணத்தோடு உழைத்தவர் என்பதிலும், சிலர் பயனடைந்தனர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அங்கே எழுந்த நினைவுகளில் எவை நடந்தவை, எவை அந்தச் சமயத்தில் மனம் நெய்தவை என்று பிரித்தறிய ஓர் உபாயமும் இருக்கவில்லை. பிற்காலத்தில் அந்தச் சிகிச்சையால் தமக்குக் கேடு விளைந்ததாக வழக்காடிய முன்னாள் நோயாளிகள் 43 பேருக்கு 2002இல் பிரிட்டிஷ் சுகாதாரத்துறை 1,95,000 பவுன் இழப்பீடு தர இசைந்தது. புதைந்த நினைவை மருந்தால் தோண்டி எடுக்கலாம் என்று சொல்வோர் இன்றும் இருக்கின்றனர். அங்ஙனம் கிடைத்ததை வெளிச்சான்று இன்றி உண்மையென்று ஏற்பது, மருந்துண்டவருக்கு மட்டுமின்றி, அந்த நினைவால் குற்றம் சாட்டப்படும் தாய் தந்தையருக்கும் உற்றாருக்கும் அநீதியாய் முடியலாம்.

முதல் அபிப்பிராயம், அதாவது மூளை நிரந்தரமாகச் சிதையும் என்பது, எந்த அளவுக்கு நிற்கிறது? 1967இல் எல்.எஸ்.டி. குரோமோசோம்களை முறிக்கிறது என்ற செய்தி விஞ்ஞானப் பத்திரிகையில் வந்து உலகெங்கும் பெரும்பீதியை எழுப்பிற்று. நாலு வருஷத்துக்குப் பின், அதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தோர், மிதமான அளவில் உட்கொள்ளும் தூய எல்.எஸ்.டி. அப்படிச் செய்வதாகக் கொள்ள ஆதாரமில்லை என்று முடிவு கூறியபோது அதைக் கேட்டவர் சிலரே. ஞாபகசக்தியைப் பற்றிய சான்றுகளில் மிகச் சிறந்ததை அமெரிக்காவின் பூர்வகுடிகளுள் ஒரு சாராரான நவஹோ மக்கள் தந்திருக்கின்றனர். அவர்களுள் அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் பெயோட்டேயை இரவு முழுதும் நீளும் வழிபாட்டில் தீர்த்தப் பிரசாதம்போல உட்கொள்வர்; அவர்களுக்கு அது சட்டத்தால் அனுமதிக்கப்பட்டது. ஜான் ஹால்பெர்னும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அவ்வாறு வழக்கமாக உட்கொள்பவர் 61 பேரையும், முன்பு மதுவுக்கு அடிமையாய் இருந்தவர் 36 பேரையும், இரண்டுமே அநேகமாக அறியாதவர் 79 பேரையும் ஒப்பிட்டனர். நினைவு, கவனம், அறிவு ஆகியவற்றுக்கான சோதனைகளில் பெயோட்டே உண்போரிடம் குறைவு ஏதும் காணப்படவில்லை. குறைகள் தென்பட்டது மதுப்பழக்கம் உடையோரிடமே. பிரேசிலில் அயாவாஸ்காவைச் சமயச் சடங்காக அருந்தும் 127 பேரை, அருந்தாத 115 பேரோடு ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆராய்ச்சியும் இத்தகைய முடிவையே கண்டது.

ஆயினும் இச்சான்றுகளிலிருந்து எவ்வளவு பெறலாமோ அவ்வளவே பெறவேண்டும். இவர்கள் ஒரு சமயக் கட்டுப்பாட்டுக்குள், மூத்தோர் முன்னிலையில், குறித்த நாளில், குறித்த அளவில் உட்கொள்பவர்கள். குடியை விலக்கி ஒழுக்கத்தோடு வாழும்படி அச்சமயமே அவர்களுக்கு விதிக்கிறது. மருந்தால் தீங்குற்றவர்கள் சபையை விட்டு முன்பே விலகியிருக்கவும் கூடும். எனவே, 'பெயோட்டே தன்னளவில் ஞாபகசக்தியை அழிக்கும் நஞ்சன்று' என்பதற்கு இவை சான்றாகுமேயன்றி, 'எவரும் எங்கேயும் உட்கொள்ளலாம்' என்பதற்கு ஆகமாட்டா.

மூளையைத் தளிர்க்கச் செய்யும் என்ற இரண்டாவது அபிப்பிராயத்துக்கு வருவோம். 2018இல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கிளையில் டேவிட் ஓல்ஸன் குழுவினர், இம்மருந்துகள் பட்ட நரம்புச் செல்கள் கிளை விட்டு வளர்வதையும், செல்லுக்கும் செல்லுக்கும் இடையே புதிய இணைப்புகள் உண்டாவதையும் காட்டினர். யேல் சர்வகலாசாலையில் அலெக்ஸ் க்வான் குழுவினர் 2021இல், ஒரே ஒரு தரம் சைலோசைபின் பெற்ற எலிகளின் முன்மூளையில் அத்தகைய இணைப்புக்கு இடமாகும் நுண்முட்கள் ஒரு நாளைக்குள் ஏறத்தாழ 10 சதவீதம் பெருகியதையும், அவற்றில் ஒரு பகுதி ஒரு மாதத்துக்குப் பின்னும் நிலைத்திருந்ததையும் கண்டனர். இந்தச் செய்திதான் 'மூளையை வளர்க்கும் மருந்து' என்ற விளம்பரமாக இன்று உருமாறி வருகிறது. எலியின் மூளையில் கண்டது மனித மூளையிலும் அதே அளவில் நிகழ்கிறதா என்பது ஒருபுறம் இருக்க, இணைப்புப் பெருகுவதெல்லாம் நன்மையென்று கொள்வதே பிழையாகும். உழுது புரட்டிய மண்ணில் விதைத்த நெல்லும் முளைக்கும், விதைக்காத களையும் முளைக்கும். மண்ணின் நெகிழ்ச்சி இரண்டுக்கும் பொது. அச்சத்தைக் கற்றுக்கொள்வதும் கல்விதான். தீராத வலியும் போதைப் பழக்கமும்கூட மூளையில் புதிய இணைப்புகளாகவே வேரூன்றுகின்றன.

அடிக்கடி மிகச் சிறிய அளவில் உட்கொண்டால் ஞாபகசக்தி பெருகும் என்று நம்பிச் செய்வோர் மேல்நாடுகளில் திரளாக உள்ளனர். இதைச் சோதிக்க லண்டனில் ஏற்பாடு செய்யப்பட்டு 2021இல் வெளியான ஆராய்ச்சியில் 191 பேர் பங்கு கொண்டனர். எந்த வாரம் தாம் உண்பது மருந்து, எந்த வாரம் வெறும் மாத்திரை என்று தமக்கே தெரியாதபடி அவர்கள் மாத்திரைகளைக் கலந்து வைத்துக்கொண்டனர். இரு சாராரும் நலமடைந்ததாகவே சொன்னார்கள். வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் மருந்து உண்டவர்களுக்கும் குறிப்பிடத்தக்க பேதம் இருக்கவில்லை. நம்பிக்கையே பெரும்பாலும் அங்கே வேலை செய்தது. அல்ஸைமர் நோயின் ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு வரும் மனத்தளர்ச்சியைச் சைலோசைபினால் தணிக்கலாமா என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பரிசோதனை நடந்திருக்கிறது. தணிக்க முயல்வது தளர்ச்சியை என்பதை நன்கு கவனிக்கவேண்டும். இழந்த ஞாபகத்தை இம்மருந்துகள் திருப்பித் தருமென்று மனிதரிடம் நிரூபித்த ஆராய்ச்சி எதுவும் இல்லாதபோது, தாயின் முகத்தில் தன்னை அறியாத பார்வையைக் கண்டு கலங்கும் பிள்ளைகளிடம் அத்தகைய நம்பிக்கையை விற்பது பாவம் என்றே சொல்வேன்.

அப்படியானால் இவற்றால் பிரயோஜனம் என்ன? நெகிழ்ச்சியே அதற்கு விடை. ஆழ்ந்த மனத்தளர்ச்சியில் வீழ்ந்தவர் தம் குற்றங்களையும் தோல்விகளையும் ஒரே தடத்தில் ஓயாமல் எண்ணிச் சுழல்கிறார். குறிப்பிட்ட ஒரு நாளில் அடைந்த குறிப்பிட்ட ஓர் ஆனந்தத்தைச் சொல்லச் சொன்னால், 'எல்லாம் அப்படித்தான் இருந்தது' என்ற பொதுச் சொல்லுக்கு மேல் அவருக்கு எட்டுவதில்லை. அவர் விஷயத்தில் நினைவுகள் அழிந்துவிடவில்லை. ஒரே கதையாக இறுகிவிட்டன. அந்த இறுக்கத்தை மருந்து தளர்த்த, பயிற்சி பெற்ற மருத்துவர் உடனிருந்து வழிகாட்ட, மனம் வேறொரு கதைக்கு இடம் கொடுக்கிறது என்பதே இச்சிகிச்சையின் தத்துவம். பல தேசங்களில் 233 நோயாளிகளிடம் நடத்தி 2022இல் வெளியான பரிசோதனையில், 25 மில்லிகிராம் சைலோசைபினை ஒரு தரம் பெற்றவர்களில் 37 சதவீதத்தினர் மூன்று வாரத்தில் தக்க குணம் கண்டனர். ஒரே மில்லிகிராம் பெற்றவர்களில் 18 சதவீதத்தினரே அவ்வாறு கண்டனர். பன்னிரண்டு வாரமானபோது அந்தக் குணம் நிலைத்திருந்தோர் இன்னும் குறைந்துவிட்டனர். தற்கொலை எண்ணம் போன்ற தீய விளைவுகளும் சிலரிடம் பதிவாயின. தாம் பெற்றது மருந்தா அன்றா என்பதை நோயாளி எளிதில் உணர்ந்துவிடுவதால், மருந்தின் பயனையும் எதிர்பார்ப்பின் பயனையும் பிரித்தெடுப்பதும் கடினமாகிறது. இவ்வளவையும் கழித்த பின்னும் மிஞ்சும் பயன் அலட்சியம் செய்யத்தக்கதன்று. வேறு மருந்து எதுவும் பலிக்காத நோயாளிக்கு அது உயிர்ப்பிச்சையாகவும் இருக்கலாம்.

ஆபத்துகளையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ சித்தப்பிரமை நோய் உள்ளவர்கள் இம்மருந்துகளால் அந்நோய் வெளிப்படும் அபாயத்துக்கு உட்பட்டவர்கள். ஆகையால்தான் ஆராய்ச்சிச் சாலைகள் அவர்களை முதலிலேயே விலக்கிவிடுகின்றன. லித்தியம் உட்கொள்பவருக்கு வலிப்புக் காணலாம். சிலருக்கு மருந்து இறங்கிப் பல மாதமான பின்னும் பார்வையில் நிழலும் ஒளிவட்டமும் தங்கிவிடுவதுண்டு. கொடைக்கானல் மலையில் போதைக் காளான் தேடிச் செல்லும் இளைஞர்களைப் பற்றிய செய்திகளை நம் பத்திரிகைகளில் பார்க்கிறோம். அளவும் தெரியாமல், காளானின் ஜாதியும் தெரியாமல், ஈரலை அழிக்கும் நச்சுக்காளானுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசமும் தெரியாமல், பாறை விளிம்பிலோ விடுதி அறையிலோ உண்பதற்கும், மருத்துவர் இருவர் அருகிருக்க உண்பதற்கும் உள்ள தூரம் ஒரே மருந்தின் இரு உபயோகங்களுக்கு இடையிலுள்ள தூரமன்று. இரண்டும் வெவ்வேறு காரியங்கள். 1985ஆம் வருஷத்து இந்தியப் போதைப் பொருள் சட்டம் இம்மருந்துகளை வைத்திருப்பதையே கடுங்குற்றமாக்கியிருக்கிறது என்பதையும் அவர்களுக்குச் சொல்பவர் வேண்டும்.

1970இல் அமெரிக்கா இயற்றிய சட்டமும், 1971இல் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையும் இம்மருந்துகளை மிகக் கடுமையான தடைப்பட்டியலில் சேர்த்தபின், ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் ஆராய்ச்சி உறங்கிவிட்டது. இப்போது ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், தகுதி பெற்ற மனநோய் மருத்துவர்கள் சைலோசைபினைக் கொடுக்க அனுமதித்திருக்கிறது. பிற நாடுகளும் யோசித்து வருகின்றன. முன்பு பயத்தால் ஆராய்ச்சியைக் கைவிட்டோம். இன்று ஆசையால் ஆராய்ச்சியை முந்திக்கொண்டு ஓடும் அபாயம் வந்திருக்கிறது. இரண்டாலும் நஷ்டமடைபவர் நோயாளியே. சிகிச்சை பெற்றவர்களை வாரக்கணக்கிலன்றி வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து அவர்களுடைய ஞாபகசக்தியையும் நம்பிக்கைகளையும் சோதிப்பது, மருந்தின்போது எழுந்த நினைவுகளைச் சான்றாகக் கொள்ளாமல் விசாரணைக்குரியனவாகக் கொள்ளும்படி மருத்துவர்களைப் பயிற்றுவது, தன் வசமிழந்து கிடக்கும் நோயாளியின்மேல் எவரும் தம் கருத்தையோ ஆசையையோ திணிக்காதபடி கடுமையான விதிகளை வகுப்பது ஆகிய மூன்றும் உடனே வேண்டப்படுவன. நெகிழ்ந்திருக்கும் மனத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்காமல் மனத்தை நெகிழ்த்தும் உரிமையை எந்த வைத்திய முறையும் கோர முடியாது.